செக்கு எண்ணெய்க் கடைக்கு ஆன்லைனில் ஆள் சேர்ப்பது: எதை முதலில், எதைக் கடைசியில்

மரச்செக்கு போட்டாயிற்று. மோட்டார் ஓடுகிறது, எள் மூட்டை வந்து இறங்கிவிட்டது, போர்டும் மாட்டியாச்சு. இந்த நேரம் பார்த்து யாராவது வந்து "ஒரு வெப்சைட் போட்டுடலாம்ணே, இருபத்தஞ்சாயிரம்தான்" என்பார். அவரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள்.

இந்த வேலையில் வரிசைதான் முக்கியம். உங்கள் சரக்கை இன்றைக்கே தேடிக்கொண்டிருப்பவர் கண்ணில் முதலில் பட வேண்டும். அவர் கேட்டதும் பதில் போக வேண்டும். தேடாதவரை இழுக்கும் வீடியோ, வெப்சைட், விளம்பரம் எல்லாம் அதற்குப் பிறகு. இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, ஆயிரக்கணக்கில் ஃபாலோயரும் வாரத்துக்கு நாலு லிட்டர் விற்பனையுமாக உட்கார்ந்திருக்கும் கடைகள் நிறைய.

இங்கே செக்கு எண்ணெயை எடுத்துக்கொள்கிறோம். மசாலாப் பொடியோ, தையல் கடையோ, நாட்டுச் சர்க்கரையோ எதுவானாலும் வேலை பெரும்பாலும் இதுதான்.

கூகுள் மேப்பில் கடையை ஏற்றுவது

இதற்குப் பைசா செலவில்லை. முன்பு கூகுள் மை பிசினஸ் என்று இருந்தது, 2021 இறுதியில் கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்று பெயர் மாறியது. "ஏற்றித் தருகிறோம், மூவாயிரம் கொடுங்கள்" என்று போன் வந்தால் நம்ப வேண்டாம். போனிலேயே ஒரு மணி நேரத்தில் நீங்களே செய்துவிடலாம்.

கடைக்கென்று தனி ஜிமெயில் ஒன்று தொடங்குங்கள். மச்சான் மெயில், டிசைனர் மெயில் எதிலும் ஏற்றாதீர்கள். அவர் வேலையை விட்டுப் போகும்போது கடையின் பக்கமும் அவரோடு போகும். அப்புறம் மீட்க வாரக்கணக்கில் அலைய வேண்டும்.

பெயர் போடும் இடத்தில் போர்டில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள். "முருகன் செக்கு எண்ணெய்" என்று போர்டு இருக்க, "முருகன் பெஸ்ட் மரச்செக்கு எண்ணெய் ஈரோடு ஹோல்சேல்" என்று வால் சேர்ப்பது கூகுளின் விதிக்கு எதிரானது. சில காலம் தப்பும். போட்டிக் கடைக்காரர் ஒருவர் புகார் கொடுத்தால் பக்கமே முடங்கும், சேர்த்து வைத்த ரிவ்யூவும் கண்ணில் படாது.

வகை என்ற கட்டத்தில் நம் இஷ்டத்துக்கு எழுத முடியாது. தட்டத் தட்ட வரும் பட்டியலில் இருந்துதான் எடுக்க வேண்டும். முதன்மை வகை ஒன்று, கூடுதலாக 9 வரை. முதன்மை வகைக்குத்தான் எடை அதிகம், அதை நிதானமாகத் தேர்ந்தெடுங்கள். விளக்கம் 750 எழுத்து வரை போகும். முதல் இரண்டு வரிக்கு மேல் அநேகமாக யாரும் படிப்பதில்லை. ஊர், தெரு அடையாளம், என்னென்ன எண்ணெய், கொரியர் உண்டா இல்லையா, இவை முதல் இரண்டு வரிக்குள் வந்துவிட வேண்டும்.

மேப்பில் குத்தும் புள்ளியைக் கடை வாசலில் நின்றுகொண்டு பாருங்கள். கிராமப் பகுதிகளில் அது 200, 300 மீட்டர் தள்ளி அடுத்தவர் தோட்டத்துக்குள் போய் நிற்பது சாதாரணம். சாட்டிலைட் படத்துக்கு மாற்றி, கூரையைப் பார்த்து நகர்த்தி வையுங்கள்.

பிறகு சரிபார்ப்பு. இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். ஒரே ஓட்டமாக, வெட்டாமல், ஒட்டாமல் எடுக்க வேண்டும். தெருமுனையில் தெருப் பெயரோ பக்கத்துக் கடைப் போர்டோ தெரியும்படி தொடங்கி, உங்கள் போர்டைக் காட்டி, பூட்டைச் சாவி போட்டுத் திறந்து, உள்ளே போய்ச் செக்கையும் கல்லாவையும் காட்டி முடியுங்கள். பூட்டைத் திறப்பது எதற்கென்றால், கடை உங்கள் கையில்தான் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. போர்டு மாட்டாமல் வீடியோ அனுப்பி நிராகரிப்பு வாங்குவதுதான் புதியவர்களுக்கு அடிக்கடி நடப்பது. வீட்டிலிருந்தே விற்பவர் முகவரியை மறைத்து, சரக்குக் கொண்டு கொடுக்கும் ஊர்களை மட்டும் போடலாம். 20 இடம் வரை சேர்க்கலாம்.

ரிவ்யூ விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. "அஞ்சு ஸ்டார் போட்டால் 100 மில்லி இலவசம்" என்று எழுதி ஒட்டாதீர்கள், அது விதிமீறல். சொந்தக்காரர்கள் இருபது பேர் ஒரே ராத்திரியில் போடுவதும் வேலைக்கு ஆகாது. ரிவ்யூ லிங்கை கியூஆர் ஆக அச்சடித்துக் கல்லா மேல், பணம் செலுத்தும் கியூஆருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டாம் முறை வாங்க வந்தவரிடம் மட்டும் கேளுங்கள். முதல் முறை வாங்கியவர் இன்னும் சமைத்தே பார்த்திருக்க மாட்டார். ரெண்டாவது முறை வந்தவர் "வாசம் நல்லா இருந்துச்சு, வடை போட்டும் பொங்கவே இல்லை" என்று எழுதுவார். அந்த ஒரு வரி உங்கள் விளம்பரத்தைவிட அதிகம் விற்கும். "எண்ணெயில் கசடு இருந்தது" என்று ஒற்றை ஸ்டார் வந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். வடிகட்டாத எண்ணெய் அடியில் மண்டி தங்கும், எத்தனை நாள் தெளிய வைக்கிறீர்கள், மாற்றிக் கொடுப்பீர்களா என்பதை மூன்று வரியில் எழுதுங்கள். அந்தப் பதில் அவருக்கு மட்டும் அல்ல, இனி வாசிக்கப் போகும் நூறு பேருக்கும்.

ஆட்கள் என்ன வார்த்தை தட்டுகிறார்கள்

நாம் நல்லெண்ணெய் என்கிறோம். தேடுபவர் எள் எண்ணெய், ஜிஞ்சலி ஆயில், செசமி ஆயில் என்று நாலு விதமாகத் தட்டுவார். கடலெண்ணெய், நிலக்கடலை எண்ணெய், கிரவுண்ட்நட் ஆயில் மூன்றும் ஒன்றுதான். செக்கு, மரச்செக்கு, வுட் பிரஸ்டு, கோல்டு பிரஸ்டு. போதாக்குறைக்கு, தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் அவரவர் காதுக்கு ஏற்ற மாதிரி தட்டுகிறவர்தான் அதிகம். ஒரு நோட்டில் இந்தப் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு, மேப் விளக்கம், வீடியோத் தலைப்பு, வெப்சைட் என்று ஒவ்வோரிடத்திலும் இரண்டு மூன்றைக் கலந்து போடுங்கள். ஒரே இடத்தில் அத்தனையையும் கொட்டினால் படிக்கவே சகிக்காது.

டிசைனர் செய்து தரும் போஸ்டரில் உள்ள எழுத்து படமாகத்தான் போய்ச் சேரும், தேடலுக்கு அதை நம்ப முடியாது. பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் தட்டிய விஷயத்தை அப்படியே ஒட்டினால் கூகுளுக்கு அது வெறும் கிறுக்கல். யூனிகோடில், அதாவது போனில் உள்ள சாதாரணத் தமிழ்க் கீபோர்டில், தட்டிய எழுத்துத்தான் தேடலில் சிக்கும். எனவே போஸ்டரில் உள்ளதைக் கீழே கேப்ஷனிலும் ஒருமுறை தட்டிவிடுங்கள்.

வாட்ஸ்அப் பிசினஸ்: கல்லாப்பெட்டி இங்கேதான்

தனி நம்பர் வாங்கிவிடுங்கள். ஒரே நம்பரைச் சாதா வாட்ஸ்அப்பிலும் பிசினஸ் ஆப்பிலும் ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது. ஆனால் இரண்டு சிம் உள்ள ஒரே போனில் இரண்டு ஆப்பும் தனித்தனி நம்பரில் ஓடும். கடை லேண்ட்லைன் இருந்தால் அதையும் பதியலாம், குறியீட்டு எண்ணைக் குரல் அழைப்பாக வாங்கிக்கொள்ள வழி உண்டு.

கேட்டலாகில், அதாவது ஆப்பில் உள்ள சரக்குப் பட்டியலில், ஒவ்வொரு எண்ணெயையும் அளவு வாரியாக, விலையோடு ஏற்றுங்கள். விலையை மறைப்பதுதான் பலர் செய்யும் பெரிய தப்பு. "ரேட்?" என்று ஒருவர் கேட்க, "டிஎம் பண்ணுங்க" என்று பதில் வந்தால் பாதிப் பேர் அங்கேயே கழன்றுவிடுவார்கள். குயிக் ரிப்ளை என்று, முன்கூட்டியே எழுதி வைத்த பதிலைச் சட்டென்று அனுப்பும் வசதி உண்டு. அதில் இப்படி ஒன்றைச் சேமித்து வையுங்கள்:

"வணக்கம்ங்க. நல்லெண்ணெய் 1 லிட்டர் இவ்வளவு, 5 லிட்டர் இவ்வளவு. கடலெண்ணெய் 1 லிட்டர் இவ்வளவு. போன வாரம் ஆட்டினது. கொரியர் தனிங்க. உங்களுக்கு எந்த ஊருங்க?"

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். விலையோடு நிறுத்தினால் அவர் "சரி" என்று போய்விடுவார். ஊரைக் கேட்டால் பதில் சொல்வார், கொரியர் கணக்கும் உங்களுக்குத் தெரிந்துவிடும், பேச்சு ஆர்டரில் முடிய வழி பிறக்கும்.

லேபிள் வசதியில் "புது ஆள்", "பணம் வரணும்", "அனுப்பியாச்சு", "மாச வாடிக்கை" என்று நாலு போட்டால் ஆரம்பத்துக்குப் போதும். மாச வாடிக்கைதான் உங்கள் சொத்து. அவர் போன முறை வாங்கிய தேதியைக் குறித்து வைத்து, எண்ணெய் தீரும் நேரம் பார்த்து "அக்கா, கடலெண்ணெய் நேத்துதான் ஆட்டினோம், எடுத்து வைக்கட்டுங்களா?" என்று கேட்பதற்கு ஈடான விளம்பரம் எந்த ஆப்பிலும் இல்லை.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போகும். இதை அறியாமல், "அனுப்பினேன், ஒருத்தரும் பதில் போடலை" என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. பில் கொடுக்கும்போதே "நம்பர் சேவ் பண்ணிக்குங்க, புதுசா ஆட்டும்போது சொல்றோம்" என்று சொல்லிவிடுங்கள், பாட்டில் லேபிளிலும் அச்சடியுங்கள். காசுக்கு விற்கும் நம்பர் பட்டியலும், ஒரே அழுத்தில் ஐயாயிரம் பேருக்கு அனுப்பும் திருட்டு மென்பொருளும் வேண்டவே வேண்டாம். நம்பரே தடை ஆகும். பில்லிலும் பாட்டிலிலும் அச்சடித்த நம்பர் செத்துப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

தட்டினால் நேரே உங்கள் வாட்ஸ்அப் திறக்கும் லிங்க் ஒன்று உண்டு: டபிள்யூஏ டாட் எம்இ, ஒரு சாய்கோடு, அதன்பின் 91 சேர்த்த பத்து இலக்க நம்பர். கூட்டல் குறி, முன் பூஜ்யம், இடைவெளி எதுவும் கூடாது. ஆப்பிலேயே இந்த லிங்க்கோடு முன்கூட்டியே ஒரு செய்தியையும் கட்டி வைக்கலாம். வெப்சைட்டுக்கு "வெப்சைட் பார்த்தேன், விலை வேணும்", இன்ஸ்டாவுக்கு "ரீல் பார்த்தேன், விலை வேணும்", விளம்பரத்துக்கு "விளம்பரம் பார்த்தேன்" என்று இடத்துக்கொரு வாசகம் வைத்தால், யார் எங்கிருந்து வருகிறார் என்பது தானாகத் தெரிந்துவிடும். இந்தத் தந்திரம் கடைசியில் உதவும்.

ரீல்ஸும் ஷார்ட்ஸும்

செக்குக்காரருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. அவர் தொழிலே பார்க்க அழகானது. உலக்கை சுற்றும் கரகர சத்தம், எள் மசிந்து கருப்பாகப் பளபளக்கும் நேரம், கருப்பட்டியைத் தட்டிப் போட்டதும் எண்ணெய் பிரிந்து மேலே வருவது, புண்ணாக்கை வளைத்து எடுப்பது. இதற்குப் பாட்டு போடாதீர்கள், அந்தச் சத்தமே போதும். பாட்டில் வேறு ஒரு சிக்கலும் இருக்கிறது: பிசினஸ் கணக்குக்குச் சினிமாப் பாட்டுகள் பெரும்பாலும் கிடைக்காது, வேறு வழியில் ஒட்டினால் ஒலி அணைந்துபோகும்.

போனை நெட்டுக்குப் பிடியுங்கள், 1080க்கு 1920 அளவு. எடுக்கும் முன் லென்ஸை வேட்டியில் ஒருமுறை துடையுங்கள். செக்குக் கொட்டகையில் எண்ணெய்ப் படலம் எப்போதும் லென்ஸில் இருக்கும், மங்கலான படத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். வாசல் வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். எழுத்தைத் திரையின் அடிப்பகுதியில் வைக்காதீர்கள், அங்கே கணக்குப் பெயரும் கேப்ஷனும் வந்து மூடிவிடும். நடுவுக்குச் சற்று மேலே போடுங்கள்.

முதல் மூன்று விநாடியில் "வணக்கம் நண்பர்களே, நம்ம கடைக்கு உங்களை வரவேற்கிறோம்" என்று தொடங்கினால் விரல் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடும். "இந்த ஒரு லிட்டருக்குள்ள எத்தனை கிலோ எள் இருக்கு தெரியுமா?" என்று பாட்டிலைக் காட்டித் தொடங்குங்கள். ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ எள் போகும். எள் கிலோ 160 ரூபாய் என்று வைத்தால் எள் மட்டுமே 400. அதோடு கருப்பட்டி, கரண்ட், கூலி, பாட்டிலைக் கூட்டி, புண்ணாக்கு விற்ற காசைக் கழித்துக் காட்டுங்கள். உங்கள் அன்றைய விலையைப் போட்டு தராசில் எள்ளைக் கொட்டிக் காட்டும் 40 விநாடி, "ஏன் இவ்வளவு விலை?" என்ற கேள்விக்கு வருஷம் முழுக்கப் பதில் சொல்லும். கொப்பரை காங்கேயம் பக்கம் வாங்குகிறீர்களா, எள் சிவகிரி ஏலத்தில் எடுக்கிறீர்களா, அந்தப் பயணமே இன்னொரு வீடியோ.

வாரத்துக்கு மூன்று போதும். ஆனால் விடாமல் வர வேண்டும். ஆட்டும் நாளில் பத்துத் துண்டு எடுத்து வைத்துக்கொண்டால் மூன்று வாரம் ஓடும். அதே வீடியோவை யூடியூப் ஷார்ட்ஸிலும் ஏற்றுங்கள், ஆனால் ஒரு ஆப்பின் முத்திரை விழுந்த வீடியோவை இன்னொன்றில் போடாமல், போனில் உள்ள மூலத்தை ஏற்றுங்கள். இன்ஸ்டாவில் ரீல் சில நாளில் அடங்கிவிடுகிறது, யூடியூபில் தேடி வருபவர் மாதக்கணக்கில் வருவார். ஷார்ட்ஸின் விளக்கத்திலும் கமெண்டிலும் போடும் லிங்க் 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து தட்டினாலும் திறக்காது. நம்பரை வீடியோவிலேயே எழுத்தாகக் காட்டிவிடுங்கள்.

லைக்கை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 தொடக்கத்தில் முக்கியம் என்று சொன்ன மூன்று அளவுகள்: எவ்வளவு நேரம் பார்த்தார்கள், லைக், பிறருக்கு எத்தனை பேர் அனுப்பினார்கள். புது ஆளிடம் கொண்டு சேர்ப்பதில் கடைசியானதுக்கு எடை கூடுதல். "அம்மாவுக்கு அனுப்பணும்" என்று தோன்ற வைக்கும் விஷயம், அதாவது கலப்படச் சந்தேகம், விலைக் கணக்கு, தீபாவளிப் பலகாரத்துக்கு எந்த எண்ணெய், இவைதான் பரவும்.

ஃபேஸ்புக் செத்துவிட்டது என்று பிள்ளைகள் சொல்வார்கள். கேட்க வேண்டாம். மாதம் பத்து லிட்டர் வாங்கும் வீட்டுத் தலைவர் அங்கேதான் ஊர்க் குழுவில் உட்கார்ந்திருக்கிறார்.

இரண்டு ஆபத்துகள். ஒன்று, "உங்கள் பக்கம் காப்புரிமை மீறியது, 24 மணி நேரத்தில் நீக்கப்படும்" என்று லிங்க்கோடு வரும் செய்தி. தட்டிப் பாஸ்வேர்டு கொடுத்தால் கணக்கு திருட்டுப் போகும். பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டு எண்ணையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை முதல் நாளே போட்டுவிடுங்கள். இன்னொன்று, வாயால் வரும் வினை. "எங்க எண்ணெய் சாப்பிட்டால் சர்க்கரை நோய் குணமாகும்" என்று பேசிவிடாதீர்கள். சர்க்கரை நோய், புற்றுநோய் உள்ளிட்ட நோய்களைக் குணமாக்கும் என்ற விளம்பரத்தை 1954ஆம் ஆண்டின் மருந்து, மாய வைத்தியச் சட்டம் தடுக்கிறது. தவறான உணவு விளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. வாசம், ஆட்டிய தேதி, எங்கே வாங்கிய எள், இவற்றைச் சொன்னாலே விற்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க எண் பாட்டிலிலும் வெப்சைட்டிலும் தெரியட்டும்.

இப்போது வெப்சைட்

வாட்ஸ்அப்பில் வெளியூர் ஆர்டர் தினமும் வரத் தொடங்கி, விலை சொல்லியே நேரம் போகிறது என்ற நிலை வந்ததும் வெப்சைட் போடுங்கள். ஆனால் டொமைனை, அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயரை, மட்டும் கடைப் பெயர் முடிவான அன்றே வாங்கிவிடுங்கள், உங்கள் பெயரில், உங்கள் ஜிமெயிலில், உங்கள் கார்டில். முதல் வருஷம் 99 ரூபாய் என்று காட்டுவார்கள், இரண்டாம் வருஷப் புதுப்பிப்புத் தொகையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். டொமைன் டிசைனர் பெயரில் இருந்தால் நீங்கள் சொந்தக் கடையில் வாடகைக்கு இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஒவ்வொரு எண்ணெய்க்கும் தனிப் பக்கம் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடுக்கினால் "மரச்செக்கு நல்லெண்ணெய்" என்று தேடுபவருக்குக் காட்ட கூகுளிடம் தனிப் பக்கம் இருக்காது. நல்லெண்ணெய்ப் பக்கத்தில் மேலேயே பாட்டில் படம், விலை, அளவு, வாட்ஸ்அப் பொத்தான். கீழே எந்த எள், கருப்பட்டி சேர்க்கிறீர்களா, எத்தனை நாள் தெளிய வைக்கிறீர்கள், எத்தனை மாதம் தாங்கும், எந்த ஊருக்கு எத்தனை நாளில் போகும். வாட்ஸ்அப்பில் வந்த கேள்விகளையே எடுத்துப் பதிலோடு போட்டால் பக்கம் நிறைந்துவிடும். படம் ஒவ்வொன்றும் 200 கேபிக்குள், வெப்பி என்ற எடை குறைந்த பட வடிவத்தில் இருக்கட்டும். போன் கேமராவில் எடுத்த 5 எம்பி படத்தை அப்படியே ஏற்றினால், சிக்னல் குறைந்த ஊரில் பக்கம் திறப்பதற்குள் ஆள் போய்விடுவார்.

வெப்சைட்டிலேயே பணம் வாங்க உதவும் பேமென்ட் கேட்வே வாங்கப் போனால் திருப்பித் தரும் விதி, அனுப்பும் விதி, தனியுரிமை, தொடர்பு முகவரி என்று தனித்தனிப் பக்கம் கேட்பார்கள். முன்னதாகவே எழுதி வைத்தால் அனுமதி தாமதிக்காது. வெப்சைட் ஏறியதும் தேடலில் வெப்சைட் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் சேர்த்து, சைட்மேப்பை, அதாவது உங்கள் பக்கங்களின் பட்டியலை, கொடுத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை எந்த வார்த்தைக்கு வந்தார்கள் என்று அதில் பார்க்கலாம். நீங்கள் நினைத்தே பார்க்காத சொல் ஒன்று அங்கே நிற்கும்.

வெளியூர் அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை: பாட்டிலை மூடி, மூடிக்கு அடியில் வாயோடு ஒட்டும் இன்டக்ஷன் சீல் போட்டு, கவருக்குள் வைத்து, ஒரு ராத்திரி தலைகீழாக நிறுத்துங்கள். கசிந்தால் கொரியரிலும் கசியும். அப்படி ஒரு பார்சல் வாங்கும் கெட்ட பெயரை பத்து ரீல் போட்டாலும் அழிக்க முடியாது.

கடைசியாக விளம்பரம்

மேப்பில் இருபது முப்பது ரிவ்யூ, பதில் போட ஆள், நன்றாக ஓடிய வீடியோ ஒன்று, இந்த மூன்றும் கையில் இருந்தால் மட்டும் காசை இறக்குங்கள். புது வீடியோவை விளம்பரம் ஆக்காதீர்கள், காசில்லாமலே ஓடியதைத்தான் காசு போட்டு ஓட்ட வேண்டும். போட்ட பதிவை விளம்பரமாக்கும் பூஸ்ட் பொத்தானில் இலக்கைக் கவனிக்காமல் அழுத்தினால் லைக் மட்டும் வந்து சேரும். இலக்காக வாட்ஸ்அப் செய்தியைத் தேர்ந்தெடுங்கள், கடையிலிருந்து 10, 15 கிலோமீட்டர் வட்டம் போடுங்கள், தமிழ்நாடு முழுக்க வேண்டாம். நாளுக்கு 200 ரூபாய், ஏழு நாள். 1,400 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 1,652. இடையில் தினமும் தொட்டு மாற்றிக்கொண்டிருந்தால் யாருக்குக் காட்டலாம் என்று ஆப் கற்றுக்கொள்வது கெடும், விட்டுவிடுங்கள்.

எட்டாம் நாள் நோட்டை எடுத்துக் கணக்குப் போடுங்கள். "விளம்பரம் பார்த்தேன்" என்ற வாசகத்தோடு 35 பேர் வந்து, 7 பேர் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு புது வாடிக்கையாளருக்கு 236 ரூபாய் ஆகியிருக்கிறது. ஒரு லிட்டரில் உங்களுக்கு 50 ரூபாய் நிற்கிறது என்றால் முதல் வாங்கலில் நஷ்டம்தான், அவர் ஐந்தாவது லிட்டர் வாங்கும்போதுதான் காசு திரும்பும். ஆகவே அடுத்த வாரம் விளம்பரத்துக்கு மறுபடி காசு போடுவதற்கு முன், அந்த ஏழு பேரையும் "மாச வாடிக்கை" லேபிளில் ஏற்றி, அடுத்த ஆட்டு நாளில் எத்தனை பேர் திரும்ப வருகிறார்கள் என்று பாருங்கள். இரண்டு பேர்கூட வரவில்லை என்றால் கோளாறு விளம்பரத்தில் இல்லை, சரக்கிலோ விலையிலோ இருக்கிறது.